கோடு வரைக்கும்

எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் எங்கே ஒழுகுகிறது என்று பிடிபடாமல், பரஞ்சோதியின் பழைய காரில் கூலன்ட் டப்பா மேல் மார்க்கரால் கோடு போட்டார் மெக்கானிக். "பத்து நாள் பாருங்க சார். கோட்டுக்குக் கீழ இறங்குச்சுன்னா எஞ்சினைப் பிரிக்கணும். அந்தச் செலவுக்கு வண்டியை வித்துடலாம்." பரஞ்சோதி தலையாட்டினார். அந்தக் காரில் இப்போதுதான் ஓட்டப் பழகும் மனைவி திலகவதி குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். தினமும் காலையில் பரஞ்சோதி டப்பாவைப் பார்த்தார். கோடு வரைக்கும் அப்படியே இருந்தது. ஆனால் அடியில் விரித்த அட்டையில் சொட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது, நாளுக்கு நாள் பச்சை வெளுத்து. ஒன்பதாம் நாள் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தார். திலகவதி பானெட்டைத் தூக்கி, குனிந்து, சொம்பிலிருந்து கோடு வரைக்கும் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் வந்து படுத்துக்கொண்டார். மாலையில் ஒரு கேன் கூலன்ட் வாங்கிவந்து சமையலறையில் அந்தச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தார். "வெறும் தண்ணி எஞ்சினுக்கு ஆகாது," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.