பிரேக்குக் கட்டை

திண்டிவனம் ரயில்வே கேட்டில் சாயங்கால வெயில். ஊட்டி மலைக் கணவாய்களைத் தாண்டும் சைக்கிள் பந்தயத்துக்குப் போன ராயப்பன், பன்னிரண்டாம் நாள் சைக்கிளிலேயே வந்து இறங்குகிறான். மலையில் அவனுக்குப் பிரேக் அறுந்ததாக, ரயிலில் முன்பே திரும்பிவிட்ட கூட்டாளி சொன்னதிலிருந்து மனைவி சலேத்தம்மாள் இங்கேதான் வந்து நிற்கிறாள். அவன் முகத்தையும் முழங்காலையும் மாறி மாறிப் பார்க்கிறாள். கேரியரில் ஒரு மரக்கட்டை. “பந்தயத்துக்குப் போனியா, கட்ட பொறுக்கப் போனியா?” “இதான் பிரேக்கு. ஆள் ஒசர மரக்கெள. பின்னாடி கட்டி இழுத்துக்கினே மலைய எறங்கிட்டேன்.” மிஞ்சியிருப்பது ஒரு முழம். தேய்ந்து வெளுத்த அதன் நுனியை அவள் நெடுநேரம் தடவுகிறாள். பிறகு கட்டையை அவிழ்த்து இடுப்பில் இடுக்கிக்கொள்கிறாள். “வா, மூணு நாளா அடுப்பு மூட்டல.”