முன்பல்லில் ஒரு கோடு

வாயை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டியதும் பவ்யாவின் பேச்சு நின்றது.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு முகத்துக்கு நேரே வந்தது.

"எலுமிச்சம்பழமா?" என்றார் டாக்டர் ரோஹிணி, பல்லைப் பார்த்த மாத்திரத்தில்.

பவ்யா கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம்.

"சோடா உப்பும் சேத்துக்கினு தேய்ச்சா டாக்டரம்மா. நான் சொன்னா எங்க கேக்குறா," என்றாள் சுலோச்சனா. பவ்யாவின் அம்மா. சுவரோரம் ஸ்டூலில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். காணிப்பாக்கம் கோயில் வீதியில் தேங்காயும் அருகம்புல் மாலையும் விற்கிறவள். கூட்டம் உள்ள நாள்தான். ஆனாலும் மகளைத் தனியாக விட மனமில்லாமல் கடையைப் பூட்டிவிட்டு சித்தூருக்கு பஸ் ஏறியிருந்தாள்.

மாசியில் கல்யாணம்.

நிச்சயதார்த்தப் போட்டோக்களில் தன் பல் மட்டும் மஞ்சளாக இருப்பதாக பவ்யாவுக்குத் தோன்றிவிட்டது. கோயில் பக்கத்து லாட்ஜில் வரவேற்பில் வேலை அவளுக்கு. வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்கச் சிரிக்க வேண்டும்.

முதலில் எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும். பிறகு கரித்தூள். பிறகு போனில் பார்த்து வரவழைத்த, பெயர்கூட ஒட்டாத ஒரு பசை. சீக்கிரம் வெளுக்கட்டும் என்று அதைப் பல்லில் அப்பிக்கொண்டு விடியும்வரை தூங்கினாள்.

மஞ்சள் போனது.

போன இடத்தில் ஒரு கோடு வந்தது.

மேல்வரிசை முன்பற்களின் குறுக்கே, சுண்ணாம்பால் இழுத்ததைப் போல ஒரு வெள்ளைக் கோடு. ஒரு பல்லில் விட்ட இடத்திலிருந்து அடுத்த பல்லில் தொடர்ந்தது. பிரஷ்ஷால் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். தேய்க்கத் தேய்க்கக் கோடு தெளிவாகிக்கொண்டே வந்தது. உள்ளே இருந்து யாரோ அதை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதைப் போல.

கட்டிக்கொள்ளப்போகிற ரகு வீடியோ காலில் சிரித்தான். "பல்லுல நூலு மாதிரி என்னமோ ஒட்டிக்கினு இருக்குது பாரு."

அதற்குப் பிறகு அவள் வாய் திறந்து சிரிக்கவில்லை. பச்சைத் தண்ணீர் பட்டால்கூடப் பல் கூசியது.

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

"புளிப்பு பல்லோட மேல்தோலைக் கரைச்சிடும்மா. கரைஞ்சது திரும்ப வளராது. விடிய விடிய பசையை வெச்சிருந்ததுல ஈறும் வெந்திருக்கு. இன்னிக்கு நான் வெளுக்கப் போறதில்ல. கூச்சத்துக்கு மருந்து பூசறேன். முதல்ல ஆறட்டும். நான் சொல்ற வரைக்கும் எதையும் போட்டுத் தேய்க்காத."

மருந்தைப் பூசினார். அது காயும்வரை வாயை மூடக்கூடாது என்றார். பூசி முடித்த பிறகும் அவர் பார்வை அந்தப் பற்களிலேயே இருந்தது. விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தார்.

"ஆனா இந்தக் கோடு நீ பண்ணினது இல்ல. எப்பவுமே இருந்திருக்கு. மஞ்சள் மூடிக்கிட்டு இருந்துச்சு, அவ்ளோதான்."

ஒரு போட்டோ எடுத்துத் திரையில் பெரிதாக்கினார். பற்கள் ஒவ்வொன்றும் கதவளவுக்கு நின்றன. எல்லாக் கதவுகளின் குறுக்கேயும் அந்தக் கோடு.

"குழந்தையா இருக்கறப்போ இந்தப் பல்லெல்லாம் ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கும். அப்ப பெரிய காய்ச்சல் ஏதாவது வந்தா, அந்த நேரத்துல வளர்ற இடம் மட்டும் இப்படி வெளுத்து நின்னுடும். கோட்டுக்குக் கீழ இருக்கறது காய்ச்சலுக்கு முன்னாடி. மேல இருக்கறது அதுக்கு அப்புறம்."

டாக்டர் சுலோச்சனாவின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வயசு வாக்குல இருக்கும். குழந்தை பொழைச்சதே பெரிசுன்னு ஆகியிருக்கணும். எந்த ஆஸ்பத்திரியில வெச்சிருந்தீங்கம்மா?"

சுலோச்சனா சிரித்தாள். அதில் பெருமைதான் இருந்தது.

"காய்ச்சலா? இவளுக்கா? எங்கிட்ட வந்ததுலேர்ந்து ஒரு தும்மல்கூட இல்ல டாக்டரம்மா."

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது.

விளக்கின் பளபளப்பான விளிம்பில் அம்மாவின் முகம் சின்னதாகத் தெரிந்தது. சிரிப்பு அதில் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்ததைப் போல.

பவ்யா தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். அது வார்த்தையாக வரவில்லை.

டாக்டர் வளையத்தைக் கழற்றினார். கையுறையை உருவிப் போட்டுவிட்டு, மூலையில் இருந்த குழாயடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்று கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

சுலோச்சனா எழுந்து வந்தாள். பவ்யாவின் வாயோரம் வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்தாள். நடக்கப் பழகுகிற குழந்தைக்குத் துடைப்பதைப் போல, முதலில் மோவாயை, பிறகு உதட்டை.

"பிரம்மோற்சவக் கூட்டம்," என்றாள் காதருகே, குரலே இல்லாமல். "கடைக்கு எதிர்ல ஒண்டியா நின்னுக்கினு இருந்த. என்னைப் பாத்து சிரிச்ச. மைக்குல நாள் பூரா ஒரு கொழந்தைய தேடிக்கினு இருந்தாங்க."

அம்மா துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க எதுவும் மிச்சமில்லை.

"வேற ஏதோ பேருதான் கூப்ட்டாங்க, கண்ணு. பவ்யான்னு ஒரு தடவகூட கூப்பிடல."