ஸஹ்றாவின் முதல் நோன்பு

பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்த றுமானா, பிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவித்து வைத்திருந்த இனிப்பு வட்டிலப்பத்தில் கால்வாசியைக் காணவில்லை.

“ஸஹ்றா, இங்க வா.”

ஏழு வயது மகள் வந்து நின்றாள். இன்றைக்குத்தான் அவளுக்கு முதல் நோன்பு. அதற்காகத்தான் அந்த வட்டிலப்பமே. நோன்பு திறக்கிற நேரத்துக்கு அவளுடைய பரீனா மாமி புதுச் சட்டையோடு வருவாள். அக்கம்பக்கமெல்லாம் சொல்லியாகிவிட்டது.

“யாரு இதத் திண்டது?”

ஸஹ்றா பிரிட்ஜைப் பார்த்தாள். அறை வாசலில் தூக்கக் கண்ணோடு வந்து நின்ற வாப்பா மிஹ்லாரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தான் உம்மா.”

ஒரு வாய் என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். மறந்து சாப்பிட்டால் நோன்பு முறியாது. கால்வாசி வட்டிலப்பத்தை யார்தான் மறந்து சாப்பிடுவார்கள்?

“அப்ப காலையில இருந்து உதடு காஞ்சுபோன மாதிரி நடந்தது, எச்சில்கூட விழுங்காம துப்பித் துப்பி வந்தது, எல்லாம் நடிப்பா?”

ஸஹ்றா சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

றுமானா பிரிட்ஜ் கதவை அறைந்து சாத்தினாள். மூன்று வயதில் இந்தப் பிள்ளை ஒளித்து விளையாடினால், தலையைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு காலை வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். தனக்கு உலகம் தெரியாவிட்டால் உலகத்துக்கும் தன்னைத் தெரியாது என்று நினைத்த வெள்ளை மனசு. அந்தப் பிள்ளைக்குள்ளே இத்தனை கள்ளம் எப்போது வந்து குடியேறியது?

“நடுக்கடல்ல வெயில் குடிச்சிட்டு வந்த உன்ட வாப்பா நோன்போட இருக்காரு. வீட்டு நிழல்ல இருந்த உனக்கு ஏலாமப் போச்சா?”

சொல்லும்போதே கை நீண்டுவிட்டது. கன்னத்தில் ஒரு அறை.

ஸஹ்றா அழவில்லை. அதுவும் றுமானாவுக்குத் திமிராகத்தான் பட்டது.

“விடு றுமானா,” என்றான் மிஹ்லார். குரல் கம்மியிருந்தது. “சின்னப் புள்ளதானே.”

“நீங்க குடுக்கிற செல்லம்தான். இண்டைக்கு இவள் என்னத் தலைகுனிய வெச்சிட்டா.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெண்பிள்ளைக்கு இப்படி இரங்குகிற வாப்பா வாய்த்தது அவளுடைய நசீபு என்றுதான் அந்தக் கோபத்திலும் றுமானா நினைத்துக்கொண்டாள்.

பிறகு போனை எடுத்துப் பரீனாவை அழைத்தாள்.

“மதினி, இண்டைக்கு வரவாணாம். ஸஹ்றாவுக்குக் காய்ச்சல். ஓம், திடீரெண்டுதான். நோன்ப விடவெச்சிட்டேன். இன்னொரு நாளைக்குப் பாப்போம்.”

பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டேதான் இவ்வளவும் சொன்னாள். பெரியவர்கள் மானம் காக்கச் சொல்வதெல்லாம் பொய்க் கணக்கில் வராது போலிருக்கிறது.

கஞ்சியை ஒரு கோப்பையில் ஊற்றி மகள் முன்னால் வைத்தாள்.

“நோன்புதான் போச்சே. இந்தா குடி.”

“பசிக்கல்ல உம்மா.”

“பசிக்காது. வயிறு நிறைய வட்டிலப்பமெல்லோ இருக்கு.”

ஸஹ்றா கோப்பையைத் தொடவே இல்லை. கஞ்சியில் ஆடை படிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பி அறைக்குள் போய்விட்டாள். வீம்பு பிடித்தது, கிடக்கட்டும் என்று றுமானாவும் விட்டுவிட்டாள்.

பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு ஒலித்தது.

பாயில் இரண்டு பேர்தான். புதுச் சட்டையோடு மூன்றாவதாக ஸஹ்றா உட்கார வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. றுமானா பேரீச்சம்பழத்தை எடுத்து புருஷன் கையில் கொடுத்தாள்.

மிஹ்லார் அதை வாயில் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

“என்ன, திறங்களேன். பாங்கு சொல்லி முடியப்போகுது.”

“புள்ளைக்கும் ஒண்டு குடுத்திட்டு வாறன்,” என்று எழும்பி அறைக்குள் போனான்.

றுமானாவும் ஒரு கடி கடித்துவிட்டுப் பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அடித்த கை வலித்தது. என்ன இருந்தாலும் பச்சைப் பிள்ளை. ஏழு வயதில் பசி தாங்குமா? தான்தான் பெருமைக்காகப் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டோமோ என்று அழுகை வந்தது. வட்டிலப்பத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு, மகளைச் சமாதானப்படுத்த அறைப்பக்கம் போனாள்.

உள்ளே மிஹ்லார் அழுதுகொண்டிருந்தான். ஆம்பிளை, கட்டிலோரத்தில் குந்தி, சத்தம் வராமல் உடுத்திருந்த சாரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். ஸஹ்றா அவனுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுகையில் பாதி கடித்த பேரீச்சம்பழம். அவசரமாகக் கடித்திருந்தாள். விடியற்காலையிலிருந்து எதுவும் தொடாத வாய் கடிக்கிற கடி.

றுமானா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நீங்க பிரிட்ஜடியில நிண்டு திண்டத நான் கண்டேன் வாப்பா,” என்று ஸஹ்றா இரகசியமாகச் சொன்னாள். “சின்னப் புள்ளையளுக்கு வானத்து மலக்குமார் பாவம் எழுத மாட்டாங்களாம். ஓதித்தாற ஹஸரத் சொன்னாரு. பெரிய ஆக்களுக்குத்தான் எழுதுவாங்களாம். அதுதான் நான் திண்டேனெண்டு சொன்ன.”

மிஹ்லார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனுடைய வாயைப் பொத்தினாள்.

“பயப்படவாணாம் வாப்பா. உம்மாவே நம்பிட்டா. மலக்குமாரும் நம்பியிருப்பாங்க.”