அகப்பை பிடித்தவள்

இலாரியோ இந்தக் கதையைப் பல வருஷங்களாக முழுசாக நம்பியதில்லை.

சொல்கிறவள் அவன் மனைவி நெலிதா. அதனால் வெளியே சொன்னதும் இல்லை.

லிமா நகரத்தைச் சுற்றியுள்ள மண் குன்றுகளில் எங்கே பெண்கள் கூடிப் பொதுச் சமையல் தொடங்கினாலும், சங்கம் நடத்தச் சொல்லிக்கொடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். இலாரியோ தன் ஆட்டோவில் கூட்டிப்போவான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பான்.

அன்றும் கேட்டான்.

"எங்க தலைவி அகப்பையை யாருக்கும் தரமாட்டேங்குறாக்கா," என்று ஒருத்தி ஆரம்பித்தாள். "கட்டினவனைக் கேட்டாக்கூடக் கொடுத்துருவா."

"அவனைத் தாராளமா கொண்டுபோடி. திருப்பி மட்டும் அனுப்பாதே," என்றாள் தலைவி.

கூடமே சிரித்தது. நெலிதா சிரிக்கவில்லை.

"எங்க குன்றுலயும் ஒருத்தர் இருந்தாங்க. பவுஸ்தினா அக்கா. தனிக்கட்டை. அப்போ சமையல் கொட்டகைக்கு நாணல் பாய்தான் சுவர். ஒரே பெரிய பானை, கோழிக் கழுத்தும் கோதுமையும் போட்ட சூப். யார் வேணா காய் நறுக்கலாம், தண்ணி தூக்கலாம். ஊத்துறது மட்டும் அக்காதான். கடைசிக் கிண்ணம் ஊத்தினதும், 'போங்கடி, பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்'னு எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்குவாங்க."

"உள்ளே என்ன பண்ணுவாங்களாம்?"

"அதைத்தான் நாங்களும் பேசினோம். அடியில கிடக்குற கறியெல்லாம் மகராசி வயித்துக்குத்தான்னு. அகப்பை பிடிக்கிறவளுக்குக் கடைசிப் பந்தியானா என்னன்னு, அவங்க காதுல விழுற மாதிரியே ஜாடை பேசினோம்."

தலைவி இப்போது சிரிக்கவில்லை.

"அப்போதான் நகரத்துல இருந்து ஒரு பொண்ணு எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்துச்சு. அகப்பை ஒரே கையில இருந்தா அது சங்கமில்லை, ராஜ்ஜியம்னு சொல்லுச்சு. சரியான பேச்சு. எல்லாரும் கை தூக்கினோம், அக்கா மட்டும் தூக்கலை. 'இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்டி. கோதுமை கொஞ்சம் கூடக் கிடைக்கட்டும்'னு கெஞ்சினாங்க. பார்த்தியா, விட மனசு வரலைன்னு நான்தான் கையிலிருந்து பிடுங்கினேன்."

"பிடுங்கி?"

"மறுநாள் நான் ஊத்தினேன். அதே பானை, அதே அளவு, அதே குடும்பங்க. அன்னிக்குத்தான் முதல் தடவையா பவுஸ்தினா அக்கா கிண்ணத்தோட வரிசையில நின்னாங்க. அன்னிக்குத்தான் முதல் தடவையா பானை பத்தலை."

பெண்கள் பெஞ்சு நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஒரு கிண்ணம் குறைஞ்சுது. என் கிண்ணம். 'போங்கடி'ன்னு எல்லாரையும் அனுப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். பானையில வெந்நீர் ஊத்தி அலசிக் குடிச்சேன். அக்கா அத்தனை வருஷம் உள்ளே என்ன சாப்பிட்டாங்கன்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அவங்க இப்போ எங்கேக்கா இருக்காங்க?"

"அடுத்த குளிர்காலம் தாண்டலை. காசநோய். காலியான உடம்புல அது சுலபமா குடியேறிடுமாம். அதனாலதான் சொல்றேன். அகப்பை கைமாறணும், அது நியாயம். ஆனா அகப்பை பிடிக்கிறவளுக்கு முதல் கிண்ணம். அதுக்கப்புறம்தான் வரிசை. எல்லாருக்கும் ஒரு மடக்கு குறைஞ்சா குறையட்டும்."

முதலில் புகார் சொன்னவள் மெல்லத் தலைவி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க இன்னிக்குச் சாப்பிட்டீங்களா?"

தலைவி, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் அழுதார்கள். பிறகு கை தட்டினார்கள். எந்தக் குன்றிலும் இந்த இடத்தில் அழுவார்கள், பிறகு கை தட்டுவார்கள்.

திரும்பும்போது தூறல். ஆட்டோ சறுக்கிச் சறுக்கி இறங்கியது.

"இன்னிக்கு நல்லா கேட்டாங்க, இல்லையா?" என்றாள் நெலிதா.

"ம்."

"என்னய்யா, எப்பவும் அந்தக் கடைசி பெஞ்சுல உட்கார்ந்து என்னையே முறைக்கிறே? நூறு தடவை கேட்ட கதைதானே?"

நூறு தடவை கேட்டதுதான். நூறு தடவையும் அவனுக்கு ஒரே இடத்தில்தான் இடித்தது. பானை பத்தாமல் போனது நிஜமாக இருக்கலாம். அவள் வெந்நீர் குடித்ததும் நிஜமாகத்தான் இருக்கும். இடித்தது அதற்கு முன்னால்.

மலையிலிருந்து இந்த நகரத்துக்கு இறங்கி வந்த புதிதில் அவனும் நாணல் பாய்க்குள் குடியிருந்தவன்தான். பக்கத்து வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினால், பாய் இடுக்கு வழியே வெளிச்சம் அவன் வீட்டுத் தரையில் கோடு கோடாக விழும்.

கேட்டால் இவள் தாங்குவாளா? அந்த வரிசையில் நின்றிருந்தால் தான் மட்டும் என்ன செய்திருப்போம்? இந்த இரண்டு யோசனையிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன.

குன்றின் அடிவாரத்தில் ஆட்டோவை நிறுத்தினான். விளக்கை அணைத்தான்.

"ஏன் நிறுத்திட்டே?"

"அவங்க கதவைச் சாத்திக்கிட்டாங்க, சரி," என்றான், அவள் பக்கம் திரும்பாமலே. "சுவர் வெறும் பாய்தானே, நெலிதா? அத்தனை வருஷத்துல, ஒரு நாள்கூடவா நீங்க யாரும் உள்ளே பார்க்கலை?"