பரண் மேல் பழுப்பு பாட்டில்

“ஆசிட் வெச்சிக்கினு இருக்கிறவளுக்கா நான் மாடி ரூமை விட்டேன்? ஆசிட் வெச்சிக்கினு இருக்கிறவளுக்கா?”

நாலாவது தடவையாக தேவயானி இதையே கத்தினாள். திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்கே கேட்டது.

ஒட்டடை அடிக்க மாடி ரூமைத் திறந்தவள், பரண் மேல் ஒரு பழுப்பு பாட்டிலைப் பார்த்துவிட்டாள். சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தது: ‘ஆசிட்’. ஆறு வயசுப் பெண் ஓடி விளையாடுகிற வீடு!

“அக்கா, என் ஆராய்ச்சி சாமான் எல்லாம் விழுப்புரம் காலேஜ் லேப்லதான் இருக்கு,” என்றாள் குடியிருந்த ஷாலினி.

“அப்படி என்ன பெரிய ஆராய்ச்சி?”

“கச்சா எண்ணெயில ஆசிட் இருக்கும்க்கா. இரும்புக் குழாயையே அரிச்சிடும். அயனித் திரவம்னு ஒண்ணு, உப்புதான், ஆனா எண்ணெ மாதிரி ஓடும். அதை ஊத்திக் குலுக்கினா ஆசிட்டை மட்டும் இழுத்துக்கினு தனியா பிரிஞ்சிடும்.”

“ஆசிட்டை எடுக்கிறவ எதுக்குடி ஆசிட்டை ஒளிச்சு வெச்ச?”

ஷாலினி வாயைத் திறந்தாள். வாசலில் தேவயானியின் புருஷன் புகழேந்தி முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

“பதில் வராதே! ஜல்தியா காலி பண்ணு.”

அரை மணியில் ஷாலினி பையோடு பஸ் ஏறிவிட்டாள். புகழேந்தியும் கடைக்குக் கிளம்பினான்.

டியூஷனிலிருந்து வந்த மகள் கலைப்பிரியா கேட்டாள், “ஷாலினி அக்கா எங்கம்மா?”

“தொலைஞ்சா. ரூம்ல ஆசிட் வெச்சிருந்தா.”

“பழுப்பு பாட்டிலா? அது நம்மளுதும்மா.”

“என்னடி உளர்ற?”

“பாத்ரூம்ல கூல்டிரிங்ஸ் பாட்டில் வெச்சிருந்தியே... நேத்து மூடியைத் தொறந்து குடிக்கப் போனேன். அக்கா ஓடியாந்து புடுங்கிட்டாங்க. வேற பாட்டில்ல ஊத்தி மேல எடுத்துக்கினு போயிட்டாங்க. அப்பாக்குத் தெரிஞ்சா உன்னை அடிப்பாருன்னு, உன்கிட்ட தனியா சொல்றேன்னாங்க.”

தேவயானி பாத்ரூமுக்கு ஓடினாள். பாத்ரூம் கழுவ, சைக்கிளில் விற்க வருகிறவனிடம் வாங்கி, அவளே கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைத்த ஆசிட். மூலை காலி.

மகளின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

செல்போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“எடும்மா ஷாலினி... ரூம் உனக்குத்தாம்மா. திரும்பி வந்துடும்மா...”