விடுபட்ட காரணிகள்

"இன்னும் நாலு விடை இருக்கு. எழுதுறியா இல்லையா?"

"எழுத மாட்டேன் டீச்சர்."

ஆறாம் வகுப்பு ஐஸ்வர்யா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கணக்கு ஆசிரியை முஹ்சினாவுக்குக் கோபத்தைவிட ஆதங்கம்தான் அதிகம். இந்த ஒரு கணக்கைத் திருத்திவிட்டால் முழு மதிப்பெண். மாவட்டக் கணிதப் போட்டிக்கு இவள்தான் போவாள்.

விடைத்தாளில் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதும் என்றுதான் முஹ்சினா சொல்லியிருந்தாள். ஐஸ்வர்யா அப்பாவையே அழைத்து வந்துவிட்டாள். செந்தூர்பாண்டி நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி போர்மேன். சீசன் நேரத்தில் வேலையை விட்டு வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"நீங்களே பாருங்க சார். இருபத்து நாலு பேரை மிச்சமில்லாம, எல்லா ரூம்லயும் சமமா உட்கார வைக்கணும். ஒரு ரூமுக்கு எத்தனை பேர் இருக்கலாம்? இதான் கேள்வி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எழுதி நிறுத்திட்டா. ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபத்து நாலு எல்லாம் எங்க? முப்பதோட காரணி கேட்டா மூச்சு விடாம சொல்றா. இதுல மட்டும் அப்படி என்ன வீம்பு?"

செந்தூர்பாண்டி மகளை முறைத்தார். "ஏ புள்ள, மூவெட்டு இருபத்து நாலுன்னு தெரியாதா ஒனக்கு? மூணு ரூமு, ரூமுக்கு எட்டுப் பேரு. மிச்சம் விழுதா?"

"விழலப்பா. ஆனா நாலு பேருக்கு மேல உட்காரக் கூடாதுன்னு வெடிமருந்து ரூமு செவுத்துல எழுதிப் போட்டிருக்கே."

முஹ்சினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செந்தூர்பாண்டியும் இளகினார்.

"அட கூறுகெட்டவளே! அது பட்டாசு ஆலைக்கு உள்ள சட்டம். இது வெறுங்கணக்கு. இங்கன எம்புட்டுப் பேர வேணாலும் உட்கார வைக்கலாம். எழுது."

"அப்ப நெசத்துல வைக்கக் கூடாதுல்லப்பா?"

"கூடவே கூடாது. நாலுன்னா நாலுதான். ஒரு ஆளு கூடுனாலும் உசிருக்கு ஆபத்து" என்றார், டீச்சர் பக்கம் பெருமையாகத் திரும்பி.

ஐஸ்வர்யா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"அப்ப ஒங்க கம்பெனி மருந்து ரூம்ல, அம்மாவ ஏம்ப்பா எட்டாவது ஆளா உட்கார வச்சிருக்கீக?"