வெளிச்சம் நின்ற இடம்

"ஓடுய்யா! லைட் அந்தப் பக்கம் போயாச்சு, ஓடு!"

பெரியவர் போட்ட சத்தத்தில், சுவரிலிருந்து குதித்தவன் தலைதெறிக்க ஓடினான். வெள்ளை வெளிச்சம் புகையைக் கிழித்துக்கொண்டு வந்து அவன் முதுகில் விழுந்தது. "போச்சு, மாட்டிக்கிட்டான்!" என்று பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதோடு ஒத்திகை நின்றது. ஓடியவன் மூச்சு வாங்கியபடி டீ குடிக்கப் போனான். அட்டைச் சுவரை இரண்டு பேர் நிமிர்த்தி வைத்துவிட்டு அவன் பின்னாலேயே நழுவினார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்த அந்த அரங்கத்துக்கு வெளியே மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பெரியவருக்கு ஊர் வைத்த பெயர் சுவரேறி. முப்பது வருஷத்துக்கு முன்னால் சிறைச்சாலைச் சுவரைத் தாண்டிக் குதித்த ஒரே ஆள் அவர்தான். அந்தப் பெருமையை இன்றுவரை ஆறவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை அவருடைய மகள் நாடகமாக்கியிருந்தாள். நாளை மறுநாள் அரங்கேற்றம்.

சிறைச்சாலையின் தேடுவிளக்கை லைட்காரர் தன் கையாலேயே செய்திருந்தார். உடைந்த ஆபீஸ் நாற்காலியின் சுழலும் அடிப்பாகத்தில் ஒரு விளக்கு, அதன் முகத்தில் உள்ளே கறுப்படித்த அட்டைக் குழாய், வெளிச்சம் கோடாகத் தெரிவதற்கு மேடையில் புகை. பார்க்க என்னவோ பழைய இரும்புக் கடைச் சரக்குதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பால்கனியிலிருந்து அதைத் திருப்பினால் கீழே இருப்பவன் தன்னை அறியாமல் சுவரோரம் பதுங்கினான்.

முதல் நாளே, யாரும் சொல்லாமல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சரியாகப் பதினெட்டு எண்ணும் நேரத்தில் திருப்பினார். "அச்சு அசலா அதே வேகம்யா, கையக் குடு!" என்று சுவரேறி பூரித்துப்போனார். ஒரே ஓர் இடத்தில்தான் அந்த மனுஷன் முரண்டு பிடித்தார்.

"எத்தனை தடவை சொல்றது?" சுவரேறி பால்கனியைப் பார்த்துக் கத்தினார். "தெற்கு மூலைக்குப் போனதும் லைட் நிக்கணும். நாப்பது எண்ற வரைக்கும் அசையக்கூடாது. அந்த நேரத்துலதானே நான் குதிச்சு ஓடினேன்!"

"நிக்காதுங்க ஐயா. ஒரு மூலையில நிறுத்திட்டா மத்த பக்கமெல்லாம் இருட்டாயிடும். சுத்துற லைட்டை எந்தச் சிறைச்சாலையிலயும் நிறுத்த மாட்டாங்க."

"நின்னுச்சுய்யா! பாத்தது நீயா, நானா? மேல கோபுரத்துல இருந்த மடையன் தூங்கிட்டான். இந்த இடத்துலதான் ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கப் போறாங்க."

லைட்காரர் சூடு ஆறட்டும் என்று விளக்கை அணைத்தார்.

மகள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, அதுக்கு அடுத்த சீன் வேண்டாம்ப்பா. மாமாவைத் துரோகின்னு மேடையில காட்டித்தான் ஆகணுமா? காலையில போன் பண்ணி ஓன்னு அழுதாரு."

"அழட்டும். நல்லா அழட்டும்."

சிறைச் சுவரைத் தாண்டிய அன்று ராத்திரி சுவரேறி நேராக மச்சான் வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, கூட்டாளிகள் நாலு பேர் பதுங்கியிருந்த அச்சகத்துக்குப் போனார். விடிவதற்குள் போலீஸ் அச்சகத்தை வளைத்து, அவரோடு சேர்த்து ஐந்து பேரையும் அள்ளிக்கொண்டு போனது. கூட்டாளிகளில் இரண்டு பேர் உயிரோடு திரும்பவில்லை. அவர் எங்கே போகிறார் என்பது மச்சான் ஒருவருக்குத்தான் தெரியும். அன்றைக்கு அறுந்த உறவு.

"உங்கம்மா செத்தப்போ, கூடப்பொறந்தவ முகத்தைக் கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்னு வாசல்ல நின்னு கெஞ்சினான். அப்பவே உள்ள விடல. இப்ப விட்டுடுவேனா? ஊரே பாக்கட்டும் அந்த மூஞ்சிய."

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லப்பா" என்று மகள் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

லைட்காரர் படியிறங்கி வந்தார். சுவர்க் காட்சியோடு அவர் வேலை முடிந்துவிடும் என்பதால், அடுத்த காட்சியில் என்ன வருகிறது என்று இதுவரை அவருக்குத் தெரியாது.

"ஐயா, உங்க மச்சான்தான் சொல்லிட்டார்னு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? வேற எவனுக்குத் தெரியும்?" சுவரேறிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நீ உன் லைட்டை நிறுத்துற வழியைப் பாரு."

"நிறுத்தறேங்க. ஆனா நாப்பது இல்ல, அம்பது எண்ற வரைக்கும் நின்னுச்சு. நீங்க சுவர் மேல கொஞ்சம் தயங்கினீங்க."

சுவரேறி சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். எந்தப் பேச்சிலும், எந்தப் பேட்டியிலும் தாம் தயங்கியதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது.

"நீ... மேல..."

"நான்தாங்க. தூங்கலீங்க." லைட்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க தப்பிக்கப் போறது அன்னிக்குச் சாயங்காலமே மேலிடத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. அதிகாரி என் பக்கத்துலயே நின்னு, தெற்கு மூலையில நிறுத்து, அவன் போகட்டும்னார். நிறுத்தினேன். வெளிய நாலு போலீஸ்காரங்க சாதா உடுப்புல காத்துக்கிட்டிருந்தாங்க, உங்க பின்னாலயே வரதுக்கு. அந்த ரெண்டு பேர் செத்த சேதி வந்ததும் நான் வேலையை விட்டுட்டேன்."

சுவரேறி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

"அப்ப... என் மச்சான்?"

"அவர் வாயே திறக்கலீங்க. அச்சகத்துக்குப் போலீஸைக் கூட்டிட்டுப் போனது நீங்கதான்."